எம்ஜிபி ரோட்ஸ்டரை ஏலத்தில் எடுப்பதற்கு முன் அடியில் குனிந்து பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இது. லண்டன் ஹாரோவில் இருக்கும் ஒருவர், 1972ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி கம்பெனியின் இரண்டு சீட் திறந்த கார்) ஒன்று அடுத்த மாதம் ஏலத்துக்கு வருவதைப் பார்த்திருக்கிறார். சிவப்பு நிறம், குரோம் பம்பர், கம்பிச் சக்கரம். ஏல நிறுவனம் போட்டிருக்கும் மதிப்பீடு 8,000 முதல் 10,000 பவுண்டு. அவரிடம் இருப்பது எல்லாம் சேர்த்து 10,000. இதுவரை பழைய கார் வாங்கியதில்லை, ஏலத்துக்கும் போனதில்லை. எடுக்கலாமா, எதைப் பார்க்க வேண்டும், எதுவரை கேட்கலாம் என்று கேட்கிறார்.

எடுக்கலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய இருபது படங்களில் பெயிண்ட் இருக்கிறது, டேஷ்போர்டு இருக்கிறது, இன்ஜின் இருக்கிறது, சக்கரத்தின் கம்பிகள்கூட நெருக்கமாகத் தெரிகின்றன. காரின் அடிப்பக்கம் ஒரு படத்தில்கூட இல்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். ஏல நிறுவனத்துக்கு இன்றைக்கே எழுதி, ஜாக்கில் தூக்கி அடியிலிருந்து எடுத்த படங்களை அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அனுப்புவார்கள். தயங்கினால் அந்தத் தயக்கத்தையும் ஒரு தகவலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், என்னுடைய முதல் எம்ஜிபியும் சிவப்புதான், அதுவும் ஏலத்தில் எடுத்ததுதான். 2011. பெரிய கொட்டகை, எண்பது தொண்ணூறு கார்கள், வாசலில் பேக்கன் ரொட்டி விற்கும் வண்டி. காரைக் கால் மணி நேரம் சுற்றி வந்தேன். பானெட்டைத் திறந்தால் இன்ஜின் சாப்பாட்டுத் தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆனது. எக்ஸாஸ்ட் சத்தத்தைக் கேட்டதும் மிச்சமிருந்த புத்தியும் போய்விட்டது. 5,400 பவுண்டுக்குச் சுத்தியல் விழுந்தது. ஒரு மாதம் கழித்து, சக்கரத்தைக் கழற்ற, கதவுக்குக் கீழே ஓடும் சில் என்ற பகுதிக்கு அடியில் ஜாக்கை வைத்துச் சுற்றினேன். ஜாக் மேலே போனது. கார் மேலே வரவில்லை.

வெல்டிங் செய்பவர் ஸ்குரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக் கேட்டுவிட்டுச் சிரித்தார். துருப்பிடித்த பழைய தகட்டை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே புதுத் தகட்டைத் தலையணை உறை மாதிரி மாட்டி, ஓரமெல்லாம் பட்டி பூசித் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சரிசெய்ய 3,800 பவுண்டு ஆனது, நான்கு மாதமும் போனது. ஏல நிறுவனத்துக்குப் போன் போட்டேன். மரியாதையாகவே பேசினார்கள். கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளைப் படிக்கச் சொன்னார்கள். படித்தேன். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

சில் என்று சொல்வது, கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஓடும் பெட்டி போன்ற பகுதியை. கூரை உள்ள காரில் அதற்கு உதவிக்கு ஆள் உண்டு. கூரையும் தூண்களும் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். திறந்த காரில் முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது இரண்டு சில்லும், நடுவில் கியர்பாக்ஸ் மேல் போகும் சுரங்கமும்தான். எம்ஜிபிக்கு முன்னால் வந்த எம்ஜிஏவில் அடியில் தனியாக ஒரு இரும்புச் சட்டம் இருந்தது, பாடி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. 1962இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து எம்ஜிபி வந்தபோது அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். பாடியே எலும்புக்கூடு. உள்ளே இடம் தாராளமானது, கட்டுமானமும் விறைப்பானது. 1980 அக்டோபரில் தொழிற்சாலை மூடும் வரை, கூரை வைத்த ஜிடியையும் சேர்த்து 5 லட்சத்துக்கு மேல் செய்தார்கள். ஆனால் அதே காரணத்தால்தான் இந்தக் காரில் துரு என்பது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. சில் போனால் கார் நடுவில் தொய்கிறது.

இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், கார்புரேட்டர், சீட் துணி, துணிக்கூரை, லைட், சுவிட்ச் எதுவானாலும் போனில் சொன்னால் மறுநாள் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். பழைய கார்களில் இந்த அளவுக்கு உதிரிபாகம் கிடைப்பது மிகச் சிலவற்றுக்குத்தான். முழு பாடியைக்கூடப் புதிதாக வாங்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் 1988இலிருந்து பழைய அச்சுகளைக் கொண்டே புது எம்ஜிபி பாடிகளைச் செய்து விற்கிறது. ஆனால் அந்த வெறும் கூட்டின் விலையே ஓரளவு நல்ல ஓடும் காரின் விலையைத் தொட்டுவிடும். அதனால் எம்ஜிபி வாங்குவது என்றால் பாடியை வாங்குவது. மற்றதெல்லாம் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது.

சரி, பார்வை நாள். ஏலத்துக்கு முந்தைய நாளும் ஏல நாள் காலையும் காரைப் பார்க்க விடுவார்கள். முந்தைய நாளே போங்கள், கூட்டம் இருக்காது. டார்ச், மெல்லிய துணி சுற்றிய சின்னக் காந்தம், தரையில் விரிக்க ஒரு பழைய விரிப்பு, அழுக்கானால் பரவாயில்லை என்கிற சட்டை. கார் மேடையில் விளக்கு வெளிச்சத்தில் நின்றால் முதல் ஐந்து நிமிடம் கிட்டப் போகாதீர்கள். பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் கதவின் இடைவெளியைப் பாருங்கள். கதவின் பின்விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே உள்ள கோடு மேலிருந்து கீழே ஒரே அகலமாக இருக்க வேண்டும். மேலே நெருக்கமாகவும் கீழே விரிந்தும் இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது, அல்லது சில் மாற்றும்போது பாடியைத் தாங்கிப்பிடிக்காமல் வெல்டிங் செய்திருக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் நீங்கள் வீட்டுக்குத் திரும்பலாம். பிறகு கதவைத் திறந்து அதன் கடைசி முனையைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அது சின்ன விஷயம். கீல் பதிந்திருக்கும் தூணே ஆடினால் சின்ன விஷயம் இல்லை.

இப்போது மண்டியிடுங்கள். முன் மட்கார்டின் அடிப்பகுதி சில்லோடு சேரும் இடத்தில் ஒரு இணைப்புக் கோடு தெரிய வேண்டும். பின் மட்கார்டிலும் அப்படியே. கோடே இல்லாமல் வழவழவென்று ஒரே பரப்பாக இருந்தால் அங்கே பட்டி இருக்கிறது. சில்லின் வெளித்தகடு உண்மையில் நம் கண்ணுக்குத் தெரியும் நீளத்தோடு முடிவதில்லை. முன் மட்கார்டுக்கு உள்ளேயும் பின் மட்கார்டுக்கு உள்ளேயும் நீண்டு போகிறது. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின்னது வெல்டிங் செய்தது. ஆகவே சில்லை ஒழுங்காக மாற்ற வேண்டுமானால் முன்னதைக் கழற்ற வேண்டும், பின்னதன் அடிப்பாகத்தை வெட்டித் திரும்ப ஒட்ட வேண்டும். அந்த வேலைக்குச் சோம்பல்பட்டு, தெரியும் நீளத்துக்கு மட்டும் தகடு வைப்பதுதான் எனக்கு நேர்ந்தது. காந்தத்தை அந்த ஓரங்களில் நகர்த்திப் பாருங்கள். பிடிக்காத இடத்துக்குக் கீழே இரும்பு இல்லை. பெயிண்டைக் கீறிவிடாதீர்கள், அது இன்னும் வேறொருவரின் கார்.

அப்புறம் படுத்துக்கொண்டு டார்ச்சை அடியில் அடியுங்கள். சில்லின் உட்பக்கம் காரின் நீளவாக்கில் ஒரு தண்டு ஓடும். கோட்டை மதில் மாதிரி மடிப்பு மடிப்பாக இருப்பதால் அதைக் காசில் என்பார்கள். அதன் மடிப்புகள் கத்தியால் வெட்டியது போலத் துல்லியமாக இருக்க வேண்டும். தார் போன்ற கறுப்புப் பூச்சைக் கனமாக அப்பி மடிப்பே தெரியாமல் செய்திருந்தால், அதிலும் பூச்சு புத்தம்புதிதாக மினுங்கினால், சந்தேகப்படுங்கள். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னால் அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பூசுகிறவருக்கு ஒரு காரணம் இருக்கும். முன்சக்கரத்துக்குப் பின்னால் சேறு தேங்கும் இடம், பின் ஸ்பிரிங்கின் முன்முனை பாடியில் மாட்டும் இடம், டிக்கியின் தரை ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். 1972 காரில் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் ஆளுக்கொரு பெட்டியில் இருந்திருக்கும். பலர் பிற்பாடு ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றிவிட்டார்கள். எப்படியிருந்தாலும் கம்பளத்தைத் தூக்கி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆசிட் சிந்திச் சிந்தி அந்தப் பெட்டிகளின் அடித்தகடே காணாமல் போயிருக்கும். கதவின் மேல்விளிம்பில், முக்கோணக் கண்ணாடிக்குக் கீழே தகட்டில் ஒரு சின்ன வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். அது எம்ஜிபிக்கு மச்சம் மாதிரி, பாதிக் கார்களில் இருக்கும்.

இன்ஜினைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1798 சிசி, நான்கு சிலிண்டர், அந்தக் காலத்து லாரி போல முரடு. பார்வை நாளில் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள், ஆனால் ஊழியரைக் கேட்டால் ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். நீங்கள் போகும்போது இன்ஜின் குளிர்ந்திருக்கிறதா என்று பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் குளிரில் எப்படி ஸ்டார்ட் ஆகும் என்று தெரியாமலே போய்விடும். சூடான பிறகு ஆயில் பிரஷர் முள் ஐடிலில் 20ஐ ஒட்டி நின்று, முடுக்கினால் 50க்கு மேல் ஏறினால் போதும். நீலப் புகை வந்தால் விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஓட வேண்டாம். ஓவர்டிரைவ், அதாவது வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர், இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கும். மோட்டார்வேயில் போகிற எண்ணம் உண்டென்றால் அது இல்லாத எம்ஜிபியில் காது வலிக்கும். கம்பிச் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டி, சக்கரம் அச்சோடு சேரும் பற்கள் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 0909 என்றிருந்தால் 2009இன் ஒன்பதாவது வாரத்தில் செய்த டயர். பட்டை புதுசு மாதிரி இருந்தாலும் அது குப்பைக்குத்தான்.

காகிதங்களுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இது பலர் அவசரமாகக் கடந்துவிடும் இடம், ஆனால் காரைவிடக் கோப்பு அதிகம் பேசும். வண்டியின் பதிவு எண்ணைப் போட்டால் 2005இலிருந்து நடந்த எம்ஓடி என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனைகளின் முடிவுகள் அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். எத்தனை மைல் ஓடியிருக்கிறது, எதில் தோற்றது, எதை எச்சரித்தார்கள் என்று வரிசையாக இருக்கும். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. 2018 மே 20இலிருந்து, நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு எம்ஓடி கட்டாயம் இல்லை. உங்கள் 1972 கார் அன்றைக்கே விலக்கு பெற்றுவிட்டது. ஆகவே 2017இல் ‘சில்லில் துரு’ என்று ஒரு எச்சரிக்கை இருந்து, அதன் பிறகு பதிவே இல்லை என்றால், அத்தனை வருடமாக யாரும் அடியில் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விலக்கு இருந்தும் வருடா வருடம் சோதனைக்குக் கொண்டுபோன உரிமையாளர் என்றால் எனக்கு அவர் மேல் மரியாதை வரும். காருக்கு இன்னொரு 500 பவுண்டு கொடுக்கவும் மனம் வரும்.

கோப்பில் வெல்டிங் ரசீதும் படமும் இருக்கிறதா தேடுங்கள். மட்கார்டு கழற்றிய நிலையில், கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வெல்டிங் செய்து பாடியைப் பிடித்து நிறுத்திய படம் ஒன்று இருந்தால் அது நூறு பாலிஷுக்குச் சமம். வி5சி என்ற பதிவுப் புத்தகத்தில் இப்போதைய உரிமையாளர் எந்தத் தேதியில் வாங்கினார் என்று பாருங்கள். இருபது வருடம் வைத்திருந்த பெரியவர் இறந்து பிள்ளைகள் விற்கிறார்கள் என்றால், ஏலத்தில் வருகிற கார்களில் நான் தேடிப்போவது அதைத்தான். நான்கு மாதத்துக்கு முன்பு வாங்கி, பெயிண்ட் அடித்து, ஏலத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்றால், அந்த நான்கு மாதத்தில் அவர் எதைக் கண்டுபிடித்தார் என்று யோசிக்க வேண்டும்.

சேசிஸ் எண் ஜிஎச்என்5 என்று தொடங்கும். ஜி என்றால் எம்ஜி, என் என்றால் இரண்டு சீட் திறந்த கார். ஜிஎச்டி என்றிருந்தால் அது பிறக்கும்போது கூரை வைத்த ஜிடி. யாரோ கூரையை அறுத்திருக்கிறார்கள், தொடாதீர்கள். 5க்குப் பிறகு யு என்ற எழுத்து வந்தால் அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிய கார். அது குறை இல்லை. கலிஃபோர்னியா போன்ற காய்ந்த இடத்தில் இருந்திருந்தால் பாடி இங்கிலாந்துக் கார்களைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் ஸ்டீயரிங்கை இடதிலிருந்து வலதுக்கு மாற்றியிருப்பார்கள், அதை விளம்பரத்தில் சொல்லியிருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டினால், கார் எந்த நிறத்தில், எந்த நாட்டுக்கு, எந்தத் தேதியில் புறப்பட்டது என்று சான்றிதழ் தருவார்கள். இன்ஜின் எண் பொருந்தவில்லையே என்று கவலைப்படாதீர்கள். அந்தக் காலத்தில் இன்ஜின் தேய்ந்தால் கம்பெனியின் கோல்டு சீல் மறுசீரமைப்பு இன்ஜினை மாற்றிக்கொண்டு போவது சர்வசாதாரணம். ஜாகுவார் இ-டைப் வாங்கும் ஆளுக்கு எண் பொருந்தாவிட்டால் தூக்கம் போகும். நமக்கு அந்த வியாதி வேண்டாம்.

கேட்டலாக்கின் இங்கிலீஷ் வேறு, நாம் பேசும் இங்கிலீஷ் வேறு என்று என் மனைவி கிண்டல் செய்வாள். உண்மைதான், அதற்குத் தனி அகராதி வேண்டும். ‘விற்பவர் கூறுவதன்படி’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கு ஏல நிறுவனம் பொறுப்பேற்கவில்லை என்று அர்த்தம். ‘மறுதயாரிப்புக்குப் பிறகு அதிகம் ஓடவில்லை’ என்றால் வேலை சரியாக நடந்ததா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. ‘பயன்படுத்திக்கொண்டே மேம்படுத்தலாம்’ என்றால் மேம்படுத்தாமல் பயன்படுத்த முடியாது. விளக்கத்தில் என்ன இல்லை என்பதையும் படியுங்கள். உங்கள் காரின் விளக்கத்தில் புது துணிக்கூரைக்கு இரண்டு வரி ஒதுக்கியவர்கள், சில்லைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை.

சட்டம் உங்களுக்குப் பெரிதாகத் துணை வராது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், டீலரிடம் கார் வாங்குகிறவருக்கு நல்ல பாதுகாப்புத் தருகிறது. ஆனால் மக்கள் நேரில் போய்க் கலந்துகொள்ளக்கூடிய பொது ஏலத்தில் பழைய பொருளை எடுக்கிறவரை அந்தச் சட்டம் நுகர்வோராகவே கருதாது. பார்த்தபடி விற்பனை, அவ்வளவுதான். இணையத்தில் மட்டும் நடக்கும் ஏலங்களின் நிலை வேறு, விற்பவர் வியாபாரியா தனி ஆளா என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். அங்கே போனால் அந்த நிபந்தனைகளைத் தனியாகப் படியுங்கள்.

இப்போது காசு. சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை இல்லை. அதன் மேல் வாங்குபவர் பிரீமியம் என்று ஏல நிறுவனம் ஒரு சதவீதம் எடுக்கும், அந்தப் பிரீமியத்தின் மேல் 20 சதவீத வாட். உங்கள் நிறுவனம் 12.5 சதவீதம் என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாட் சேர்ந்தால் அது 15 சதவீதம். அதாவது 8,000க்கு எடுத்தால் 9,200 கட்ட வேண்டும். லாட் எண்ணுக்கு (காரின் ஏல வரிசை எண்) பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஏதாவது குறி இருந்தால், கார் விலையின் மேலேயே கூடுதல் வரி இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். 10,000இல் காரை டிரெய்லரில் கொண்டுவர 250 ஒதுக்குங்கள். டயர், பிரேக் ஹோஸ், பேட்டரி, எல்லா எண்ணெய்களையும் மாற்றுவது என்று முதல் மாதச் செலவுக்கு 800. எவ்வளவு நல்ல காராக இருந்தாலும் இந்த 800 போகும், என்னை நம்புங்கள். மிச்சம் 8,950. அதை 1.15ஆல் வகுத்தால் 7,780 சொச்சம். ஏலம் பெரும்பாலும் 250 பவுண்டு படியாக ஏறும் என்பதால் உங்கள் கடைசி எண் 7,750. மதிப்பீட்டின் அடிவிலையைவிட அது 250 குறைவு. பார்த்தால் வருத்தமாக இருக்கும், ஆனால் முடிந்துவிட்டது என்று இல்லை. விற்பவரின் ரிசர்வ் விலை, அதாவது அதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று அவர் வைக்கும் விலை, வழக்கமாக மதிப்பீட்டின் அடிவிலையைத் தாண்டாது, அதற்குக் கீழேயும் இருக்கலாம். ஏலத்தில் ரிசர்வைத் தொடாமல் 7,500இல் நின்றுபோனால், உடனே மேசைக்குப் போய் உங்கள் எண்ணைச் சொல்லிவிட்டு வாருங்கள். காரைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக மனமில்லாத விற்பவர் அன்று மாலையோ மறுநாளோ சம்மதித்துப் போன் வருவதுண்டு. என்னுடைய இப்போதைய கார் அப்படி வந்ததுதான். எல்லோரும் கிளம்பிய பிறகு, காலி கொட்டகையில் நின்று வாங்கினேன்.

ஏல அறையில் நடப்பதைப் பற்றிக் கொஞ்சம். ஊரில் நாம் கேட்டுப் பழகிய ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் எல்லாம் இங்கே எதிர்பார்க்காதீர்கள். ஏலம் கூறுபவர் அறையை ஒரு பார்வை பார்ப்பார், ஒரு வார்த்தை சொல்வார், சுத்தியல் விழுந்துவிடும். ஒரு காருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். ரிசர்வ் விலை வரும் வரை விற்பவர் சார்பாக அவரே விலையை ஏற்றிக்கொண்டு போக நிபந்தனைகள் பொதுவாக இடம் தரும். ஆகவே உங்களுக்கு எதிராகக் கேட்கும் ஆள் சில சமயம் சுவர்தான். சுவரோடு போட்டி போட்டுக் கோபப்பட வேண்டாம். ரிசர்வைத் தாண்டிவிட்டால் ‘இப்போது விற்பனைக்கு’ என்பது போல ஒரு வார்த்தை சொல்வார், குரலே மாறும். அதற்குப் பிறகு கேட்கிறவர்கள் உண்மையான மனிதர்கள்.

உங்கள் கடைசி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். சின்னப்பிள்ளைத்தனம் என்று நினைப்பீர்கள், நான் இன்றைக்கும் எழுதுகிறேன். உங்கள்மேல் உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்றால், அந்த எண்ணை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள். உங்கள் சார்பாக அவர்களே கேட்பார்கள். ஆனால் காரை நேரில் பார்த்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும். முதல் தடவை என்பதால் நேரில் போவதே நல்லது. உங்கள் காருக்கு முன்னால் வரும் பத்துக் காரையாவது உட்கார்ந்து பாருங்கள், வேகம் பிடிபடும். திறந்த கார்களின் விலை வெயில் வந்தால் ஏறும், நவம்பர் மழையில் இறங்கும் என்பது நான் பார்த்த அனுபவம். அடுத்த மாதம் கிடைக்காவிட்டால் குளிர்காலம் வரை காத்திருங்கள். 5 லட்சம் செய்த காருக்குத் தட்டுப்பாடு கிடையாது.

எடுத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். பொதுவாகச் சுத்தியல் விழுந்த நொடியிலிருந்து காருக்கு நேரும் நல்லது கெட்டது உங்கள் பொறுப்பு. ஆகவே இன்சூரன்ஸைக் காலையிலேயே பேசி வைத்திருங்கள், ஒரு போனில் தொடங்குகிற மாதிரி. பழைய கார்களுக்கென்று உள்ள, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாக இருக்கட்டும். பணத்தை ஓரிரு நாளில் வங்கி வழியாகக் கட்டச் சொல்வார்கள், தாமதித்தால் நாள் வாடகை ஏறும். பழைய கார்களுக்கான ‘ஹிஸ்டாரிக்’ வரிப் பிரிவில் இருந்தால் சாலை வரி பூஜ்யம்தான், ஆனால் பூஜ்யத்துக்கும் உங்கள் பெயரில் வரி போட்ட பிறகுதான் சாலையில் ஓட்டலாம். வி5சியில் கிழித்துக் கொடுக்கும் பச்சைத் துண்டில் உள்ள 12 இலக்க எண்ணைக் கொண்டு அதைச் செய்துவிடலாம். கார் ‘ஹிஸ்டாரிக்’ வரிப் பிரிவில் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். இருந்தால் ஹாரோவில் யூலெஸ் (லண்டனில் புகை அதிகம் விடும் வண்டிகளுக்கான) கட்டணம் இல்லை. பழைய பிரிவிலேயே விட்டிருந்தால் முதலில் பிரிவை மாற்றுங்கள். பெட்ரோல் பங்கில் சாதாரண ஈ10 போடாதீர்கள், எத்தனால் அந்தக் காலத்து ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். சூப்பர் என்று விற்கும் ஈ5 போடுங்கள்.

முதல் நாளே கேம்பிரிட்ஜ் வரை ஓட்டிக்கொண்டு வரலாம் என்று ஆசை வரும். பிரேக் ஹோஸின் வயது தெரியாத காரில் அந்த ஆசை வேண்டாம், டிரெய்லரே வரட்டும். வீட்டு வாசலில் இறக்கியதும் முதல் வேலையாக ஜாக்கை எடுத்து இரண்டு பக்கமும் தூக்கிப் பாருங்கள். கார் மேலே வந்தால் ஒரு படம் அனுப்புங்கள். வராவிட்டாலும் எழுதுங்கள், என் வெல்டிங்காரர் இன்னும் தொழிலில்தான் இருக்கிறார்.